ஆகன் நகரில் முகவரிப் பதிவு: அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியின் ஆகன் நகரில் இந்தக் குளிர்காலப் பருவத்தில் முதுநிலைப் பொறியியல் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். வகுப்புகளில் குறையில்லை, பெரும்பாலான தேர்வுகள் பருவத்தின் இறுதியில்தான் என்பதால், இடையில் எவரும் விரட்டிப் படிக்க வைப்பதில்லை என்பது மட்டுமே நம் ஊர்க் கல்லூரிகளில் இருந்து வந்தவர்களுக்குச் சற்று ஆபத்தான சுதந்திரம்.

என் சிக்கல் தங்குமிடம் பற்றியது. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவரின் கையொப்பமிட்ட சான்று கட்டாயம். நான் உள்வாடகைக்கு இருக்கும் அறையின் முதன்மை வாடகைதாரர், உரிமையாளருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி, அதைத் தர மறுக்கிறார். பதிவு இல்லாததால் வசிப்பு அனுமதிக்கான விண்ணப்பம் நிற்கிறது. நான் அணுகிய வங்கியும் அந்தப் பதிவையே கேட்பதால், விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க விடும் கணக்கு) செலுத்திய 11,904 யூரோவிலிருந்து மாதந்தோறும் வரவேண்டிய 992 யூரோவைப் பெற வழியில்லை.

சான்று மறுக்கப்பட்டால் பதிவு அலுவலகத்திடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். அவ்வாறு தெரிவித்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா, அதன்பின் அறையைக் காலி செய்ய நேர்ந்ததா? கடவுச்சீட்டை மட்டும் கொண்டு நடப்புக் கணக்கு தொடங்கியவர்கள் வங்கியின் பெயரைச் சொல்லுங்கள். எல்லைக்கு அப்பால் வால்ஸில் அறை பாருங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அது நெதர்லாந்து என்பதால் எனக்குப் பயன்படாது. பதிவுக்கு ஒப்புக்கொள்ளும் அறை மார்ச் வரை கிடைத்தாலும் போதும். மாதம் 400 யூரோ வரை தர இயலும்.