7.5 சதவீத உள் ஒதுக்கீடு: உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் ஏழைகள் இல்லையா?

ஆற்றங்கரை:
நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மகள் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழி. ஆசிரியர் சம்பளம், புத்தகம், சைக்கிள் எல்லாம் அரசு கொடுத்ததுதான். பக்கத்து வீட்டுப் பெண் அரசு மேல்நிலைப் பள்ளி. நீட்டில் அவளைவிட இவளுக்கு மதிப்பெண் கூட. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் என்ற 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவளுக்கு எம்பிபிஎஸ் இடம் கிடைத்தது, இவளுக்கு இல்லை. அந்தப் பிள்ளை நன்றாகப் படிக்கட்டும். ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஏழ்மையில் என்ன வித்தியாசம் கண்டார்கள்?

கரும்பலகை:
அண்ணே, வருத்தம் புரிகிறது. நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். 2017இல் நீட் வந்த பிறகு மூன்று வருஷம் எங்கள் பிள்ளைகளில் மருத்துவம் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் கேட்டது, 2020இல் கிடைத்தது 7.5. அதையும் பங்கு போட்டால், ஊர் நடுவில் நல்ல ஆய்வகத்தோடு இருக்கும் நூறு வருஷ உதவி பெறும் பள்ளிகள்தான் அள்ளிக்கொண்டு போகும். என் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர் பணியிடம் ஜூனிலிருந்து நவம்பர் வரை காலி. தவளையின் இதயத்தை நான்தான் நடத்தினேன், என்ன நடத்தினேன் என்று கேட்காதீர்கள்.

கடன்கார அப்பா:
பள்ளிப் பெயர்ப் பலகையை வைத்து ஏழ்மையை அளப்பதே தப்பு. என் மகன் தனியார் பள்ளி, ஃபீஸ் கட்டியது வட்டிக்கு வாங்கி. குடும்ப வருமானத்தைப் பார்க்கட்டுமே.

கரும்பலகை:
வருமானச் சான்றிதழா? மாடி வீடு கட்டியவரும் வருஷம் 72,000 என்று வாங்கி வருகிற ஊர் சார் இது. ஏழு வருஷம் அரசுப் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்ததை அப்படி வாங்க முடியாது.

ஆற்றங்கரை:
ஆனால் ஆர்டிஇ-யில், அதாவது கல்வி உரிமைச் சட்ட இலவச இடத்தில், எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தால் 7.5 உண்டு. அவனுக்கு எங்கே ஏழு வருஷம்? கல்லூரி போகும் பெண்களுக்கு மாதாமாதம் அரசு தரும் புதுமைப்பெண் ஆயிரம் ரூபாயும் முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும்தான். 2024 கடைசியில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி படித்த பெண்களுக்கும் கொடுத்தார்கள். காலை உணவும் அதே வருஷம் வந்தது. சாப்பாட்டுக்கு ஏழை, சீட்டுக்கு மட்டும் பணக்காரனா?

கரும்பலகை:
ஆர்டிஇ விஷயம் சரி, எனக்கும் உறுத்தல்தான். ஆனால் சாப்பாடு என்றால் இன்னொரு அண்டா வைக்கலாம். எம்பிபிஎஸ் இடம் அப்படியா?

வெள்ளைக்கோட்டு:
நான் 2020இல் அந்த 7.5இல் சேர்ந்தவள். கவுன்சலிங்கில் தனியார் கல்லூரி இடம் கிடைத்தும், பணம் கட்ட வழியில்லாமல் விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அப்புறம்தான் வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ரிப்பீட்டர், நீட்டை மறுபடி எழுதியவள். அந்த ஒரு வருஷக் கோச்சிங்குக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. வகுப்பில் என்னைவிட நன்றாகப் படித்தவள் வீட்டில் தோடு இல்லை. அவள் நர்சிங் போனாள். அரசுப் பள்ளிக்குள்ளேயே இத்தனை படிகள். அண்ணன் மகளைக் கீழே தள்ளித்தான் நாங்கள் ஏற வேண்டும் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை, டீச்சர்.

ஆற்றங்கரை:
நன்றிம்மா. உங்கள் 7.5இல் யாரும் கை வைக்க வேண்டாம். கட்டணம் இல்லாத தமிழ் வழிப் பிரிவுக்குத் தனியாக ஒரு சதவீதம் கொடுத்தால் போதும். பணம் வாங்கும் ஆங்கில வழிப் பிரிவைச் சேர்க்கச் சொல்லவில்லை.

கரும்பலகை:
தனியாக என்றால் எனக்கு மறுப்பில்லை.

கடன்கார அப்பா:
அந்த ஒரு சதவீதமும் பொதுவில் போட்டியிடும் என் மகன் பங்கிலிருந்துதான் போகும். அதை யாரும் கேட்கவில்லை.

ஆற்றங்கரை:
அது இருக்கட்டும். சின்னவன் இப்போது ஐந்தாவது. அக்கா படித்த பள்ளியில் அவனுக்கும் இடம் உண்டு, நல்ல பள்ளிதான். ஆனால் வீட்டில், “அரசுப் பள்ளியிலேயே போடுங்கள், பின்னால் உதவும்” என்கிறாள்.

கரும்பலகை:
தாராளமாகப் போடுங்கள் அண்ணே. சேர்க்கும் முன், அந்தப் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு பயாலஜி குரூப் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.