வாயால் சொல்கிறார்கள், எழுதச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள்

வகுப்பு2_ஆசிரியை:
வணக்கம். முதன்முறையாக இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் அச்சு மாதிரி பார்த்து எழுதுகிறார்கள், ஆனால் "நேற்று என்ன விளையாடினாய், இரண்டு வரி எழுது" என்றால் பென்சிலைப் பிடித்தபடி என் முகத்தையே பார்க்கிறார்கள். வாயால் கேட்டால் மட்டும் நிறுத்தாமல் சொல்கிறார்கள்! அப்புறம், இரண்டு பேர் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதிவிட்டுக் கை வலிக்கிறது என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பழைய_சாக்பீஸ்:
டீச்சர், பார்த்து எழுதுவது வேறு, தானாக எழுதுவது வேறு. முதலாவதில் கண்ணுக்கும் கைக்கும் மட்டும்தான் வேலை. இரண்டாவதில் என்ன சொல்வது என்று யோசித்து, அதை வாக்கியமாக்கி, சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் வாக்கியத்தின் பின்பாதி மறந்தே போய்விடும். அதனால் முதலில் படம் வரையட்டும், அதைப் பற்றிப் பக்கத்துப் பிள்ளையிடம் பேசட்டும், பிறகு ஒரே ஒரு வாக்கியம் போதும். எழுதும் முன் அதை வாயால் சொல்லி, எத்தனை சொல் என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். "நான் பந்து விளையாடினேன்", மூன்று விரல். மூன்று சொல்லும் தாளில் வந்துவிட்டதா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். அதுவும் வராத பிள்ளை சொல்லச் சொல்ல, அதன் கண்முன்னே நீங்கள் மெதுவாக எழுதிக் காட்டுங்கள்.

விரல்_பயிற்சி:
தாள் கிழிக்கும் இருவருக்கும் எழுத்து வேலையைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். விரலில் வலு போதாத பிள்ளைகள் பல நேரம் இப்படித்தான் இறுக்கிப் பிடிப்பார்கள். களிமண் பிசைவது, துணி கிளிப் மாட்டுவது, கத்தரிக்கோலால் வெட்டுவது எல்லாம் உதவும். நீளப் பென்சிலுக்குப் பதில் துண்டுப் பென்சிலோ உடைந்த சாக்பீஸோ கொடுங்கள், அதை முஷ்டியாகப் பிடிப்பது கஷ்டம் என்பதால் விரல் நுனிகள் தானாக வேலைக்கு வரும். உட்காரும்போது கால் தரையில் பட வேண்டும். இடது கைப் பிள்ளை இருந்தால் தயவுசெய்து கையை மாற்றாதீர்கள், பெஞ்சின் இடது ஓரத்தில் இடம் கொடுத்து, தாளின் தலைப்பகுதியை வலப்பக்கம் சாய்த்து வைத்தாலே போதும்.

வகுப்பு2_ஆசிரியை:
நன்றி. ஆனால் சொல்வதை அப்படியே எழுதினால் "வெளாண்டேன்" என்றுதானே வரும்?

இரு_பிள்ளைகளின்_அப்பா:
எனக்கும் அதே சந்தேகம். அப்போதைக்கப்போது திருத்தாவிட்டால் தப்பே பழகிவிடாதா?

பழைய_சாக்பீஸ்:
வரட்டும் டீச்சர். பிள்ளை திகைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன், வாயில் இருக்கும் வாக்கியம் நோட்டுக்கு ஆகாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, நோட்டுக்கு ஆகிற வாக்கியம் இன்னும் கைவசம் இல்லை. எழுதியதை அடிக்காமல், "புத்தகத்தில் இதை விளையாடினேன் என்று எழுதுவார்கள்" என்று கீழே எழுதிக் காட்டுங்கள். நிறையக் கதை படித்துக் காட்டினால் அந்த நடை காதில் ஏறிவிடும்.

சார், திருத்த வேண்டாம் என்று சொல்லவில்லை, எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த வேண்டாம் என்கிறேன். கொம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். "பெட்டி" என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ப், பிறகுதான் எ. தாளிலோ கொம்பு முன்னால் நிற்கிறது! ஒலியைக் கேட்டு எழுதுகிற பிள்ளை ப போட்டுவிட்டுக் கொம்பைப் பின்னால் போடும், அது கவனக்குறைவே இல்லை. "கொ" என்றால் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும், அதில் வரும் காலும் ர மாதிரியே இருக்கிறது. ஒரு வாரம் கொம்பை மட்டும் பாருங்கள், மற்ற பிழைகளை விட்டுவிடுங்கள். ல, ள, ழ குழப்பம் படிக்கப் படிக்கத்தான் தெளியும், அதற்கு இப்போதே சிவப்பு மை வேண்டாம்.

வகுப்பு2_ஆசிரியை:
சரி, திங்கட்கிழமை படத்தோடு தொடங்குகிறேன். நோட்டில் பிழை அப்படியே இருப்பது ஏன் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பு அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.