ஃபுளோரிடாவின் ‘மார்ச்சிங் 100’: அந்தத் தடை நியாயமா?

தாளவாசகன்:
அமெரிக்காவின் டாலஹாசி நகரில் இருக்கும் ஃபுளோரிடா ஏ அண்ட் எம், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம். அதன் அணிவகுப்பு இசைக்குழுதான் ‘மார்ச்சிங் 100’. அதற்கு 1892இலிருந்து வரலாறு உண்டு. 2011 நவம்பரில் ராகிங்கில் ஒரு மாணவர் இறந்த பிறகு, 2013 வரை அந்தக் குழுவை முடக்கி வைத்தார்கள். சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு மரபையே தண்டித்தது தவறு என்பேன்.

வில்லியம் ஃபாஸ்டர் 1946இல் பொறுப்பேற்று 1998 வரை குழுவை நடத்தினார். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, கறுப்பர்களுக்கு இசை நடத்துநர் வேலை கிடைக்காது என்று அவரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவர் உருவாக்கிய குழுவின் நடையைப் பாருங்கள். நிமிடத்துக்கு 20 காலடி என்று, தூக்கிய கால் தரையைத் தொட மனமில்லாததுபோல் ஊர்ந்து வருவார்கள். அடுத்த கணம் முழங்காலை இடுப்புவரை உயர்த்திப் புயலாகப் பாய்வார்கள். அந்த வேகத்திலும் வரிசை கலையாது, சுருதி பிசகாது. 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் 200ஆம் ஆண்டு அணிவகுப்புக்காகப் பாரிஸ் வரை அழைக்கப்பட்ட குழு அது. இதையா முடக்குவது?

நீலமலர்:
தாளவாசகன் ஐயா, ‘ஒரு மாணவர்’ என்று கடந்துபோய்விட்டீர்கள். அவர் பெயர் ராபர்ட் சாம்பியன். வயது 26. குழுவை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர்களில் ஒருவர். ஓர்லாண்டோவில் குழு வாசித்த அமெரிக்கக் கால்பந்துப் போட்டி முடிந்த இரவு, ஹோட்டலுக்கு வெளியே நின்றிருந்த பஸ்ஸில் அது நடந்தது. இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய நடைபாதையில் முன்னாலிருந்து பின்னால் வரை போக வேண்டும். இருபுறமும் நிற்கும் சக வாத்தியக்காரர்கள் அடிப்பார்கள், உதைப்பார்கள். கடைசி வரிசையைத் தொட்டால்தான் மரியாதை. தொட்ட சிறிது நேரத்தில் அவர் சரிந்துவிட்டார். தசைகளுக்குள் ஏற்பட்ட இரத்தக்கசிவும் அதனால் உடலில் இரத்த ஓட்டம் குலைந்ததுமே காரணம் என்றது பிரேதப் பரிசோதனை.

உயிரை எடுத்தவர்கள் வெளியார் இல்லை. அன்று அவரோடு ஒரே தாளத்தில் நடந்தவர்கள்.

செங்கைவாசி:
சகோதரி, அவர் தாமாகவே சம்மதித்துத்தான் பஸ்ஸில் ஏறினார் என்று விசாரணையில் சாட்சி சொன்னார்களே. அதையும் எழுதுங்கள்.

நீலமலர்:
எழுதுகிறேன். ராகிங்கில் சம்மதம் ஒரு தற்காப்பே ஆகாது என்று ஃபுளோரிடா சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அது சரியான சட்டம். தலைமை டிரம் மேஜர் இடத்துக்கு வர வேண்டியவர், “நீ அந்தப் பஸ்ஸைக் கடக்கவில்லையே” என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே எத்தனை நாள் இருப்பார்? ராகிங்கை அவர் வெறுத்தார் என்று பெற்றோர் சொல்கிறார்கள். வெறுத்தவரையும் அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதே, அந்த நெருக்குதலுக்குப் பெயர் சம்மதமா?

தாளவாசகன்:
அடித்தவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவர்கள்மீது வழக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு 2015இல் ஆறு ஆண்டுகளுக்கு மேல் சிறை விதித்தார்கள். அது நியாயம். ஆனால் ஃபாஸ்டருக்குப் பின் வந்த இயக்குநர் ஜூலியன் ஒயிட், சாம்பியன் இறப்பதற்குச் சில நாள் முன்புதான் ராகிங்குக்காக 26 பேரை இடைநீக்கம் செய்திருந்தார். அந்தப் பஸ் பக்கமே போகாத எத்தனையோ பிள்ளைகள் குழுவில் இருந்தார்கள். டிரம்பெட் வாசித்துக் கிடைத்த உதவித்தொகையில் படித்தவர்களின் நிலையை யோசித்தீர்களா?

வைகைக்கரை:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். சாம்பியன் இறந்த சமயத்தில் குழுப் பட்டியலில் இருந்தவர்களில் (பெயரில்தான் நூறு, ஆட்கள் அதைவிட அதிகம்) நூறு பேருக்கு மேல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களே இல்லை என்று பிறகு தெரியவந்தது. யார் வாசிக்கிறார்கள் என்பதே தெரியாத நிர்வாகம், பஸ்ஸுக்குள் நடப்பதை எப்படித் தடுத்திருக்கும்? 2012இல் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் அம்மன்ஸ் பதவி விலகியது சும்மா இல்லை. தடை போட்ட பிறகுதான் கணக்கெடுப்பு, கண்காணிப்பு அதிகாரி, முழுநேர மாணவர்களுக்கு மட்டுமே இடம் என்ற விதி எல்லாம் வந்தன. வாத்தியச் சத்தம் ஓய்ந்த பிறகே இவை நடந்தன என்பதை மறக்காதீர்கள்.

தாளவாசகன்:
சத்தம் ஓயாமலே பட்டியலைச் சரிபார்க்கலாமே! பதிவேட்டைப் புரட்டுவதற்கு இரண்டு பருவங்களா வேண்டும்?

நீலமலர்:
முன்பு கிடைத்த வாய்ப்புகளில் புரட்டினார்களா? 1998இல் ஒரு கிளாரினெட் மாணவர் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். 2001இல் ஒரு டிரம்பெட் மாணவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 2011இலும் சாம்பியன் இறப்பதற்குச் சில வாரம் முன்பு ஒரு மாணவிக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஒவ்வொரு முறையும் சிலரை நீக்கினார்கள், கடிதம் அனுப்பினார்கள், அடுத்த வாரம் மைதானத்தில் ஆடினார்கள்.

ஃபாஸ்டரின் நடையை நானும் ரசிப்பவள்தான். நிமிடத்துக்கு 20 காலடி நடை ஒருவர் உடம்பில் ஏற, மூத்தவர் இளையவருக்குப் பக்கத்தில் நின்று மாதக்கணக்கில் சொல்லித்தர வேண்டும். ராகிங்கும் அதே வழியில், அதே மூத்தவர்களிடமிருந்துதான் இளையவர்களுக்குப் போனது. அந்தத் தொடர்ச்சி அறுபட வேண்டுமானால், அடித்துப் பழகிய மாணவர்கள் படிப்பை முடித்து வெளியேறும் வரையாவது குழு நின்றிருக்க வேண்டும். 2013 செப்டம்பரில் மீண்டும் இறக்கினார்கள். என்னைக் கேட்டால் இரண்டு ஆண்டுகள் முன்கூட்டியே இறக்கிவிட்டார்கள்.

தாளவாசகன்:
நான்கு ஆண்டுகள் நின்றிருந்தால் அந்த நடையைச் சொல்லித்தரவும் ஆள் இருந்திருக்காது, அம்மா. அதற்கு என்ன பதில்?

நீலமலர்:
இருக்கிறது. ஃபாஸ்டரிடம் படித்த நூற்றுக்கணக்கானோர் நாடெங்கும் பள்ளி இசைக்குழுக்களை நடத்துகிறார்கள். அவர்களை அழைத்திருக்கலாம்.