மாமனார் மாமியாரை வீட்டுக்குக் கீழே இருக்கும் ஸீ சார் கடைக்கு அழைத்துப் போகலாமா?

செங்காங் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் செங்காங் ரிவர்வேல் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பல சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்திருக்கும் கோப்பிக்கடை, அதில் ஒரு ஸீ சார் கடை, அதாவது கேட்டதைச் சுடச்சுடச் சமைத்துத் தரும் சீனக் கடை. நானும் என் வீட்டுக்காரரும் மூன்று வருடமாக மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது அங்கேதான் சாப்பிடுகிறோம்.

மாமாவும் அத்தையும் போன வாரம் மன்னார்குடியிலிருந்து வந்திருக்கிறார்கள். மாமா 22 வருடம் பரோட்டா கடை நடத்தியவர். எங்கள் வீடு மூன்றாவது மாடி. அடுப்படி சன்னலில் நின்றால் அந்தக் கடையின் பின்பக்கம் தெரியும். சாயங்காலம் ஐந்தரை ஆனதும் சட்டியில் தீ எழும்பும். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்க்கிறார். முந்தாநாள் அவராகவே, "என்ன அடுப்பும்மா அது, இந்த வேகம் வேகுது? ஒருநாள் அங்க போய்ச் சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டார்.

மாமா கோழி, ஆடு, மீன், இறால் சாப்பிடுவார். பன்றியும் மாடும் தொடமாட்டார். அத்தைக்கு, காசிக்குப் போய்வந்ததிலிருந்து கவிச்சியே கிடையாது. முட்டையும் இல்லை. நாங்கள் வழக்கமாக வாங்குவது சீரியல் இறால், இறால் விழுதில் ஊறவைத்துப் பொரித்த ஹார் சியோங் காய் கோழி, சம்பல் காங்கோங் கீரை, ஹாட்பிளேட் தௌஃபு (சோயாக் கட்டி). கீரை அத்தைக்கு ஆகும், தௌஃபுவை முட்டையில்லாமல் கேட்டு வாங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். போன ஞாயிறு உற்றுப் பார்த்தால் தௌஃபுமேல் ஊற்றிய குழம்பில் கொத்துக்கறி. இவ்வளவு நாளும் அதைக் கோழி என்றே நினைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். கேட்டேன், பன்றியாம்.

வீட்டுக்காரர், "அம்மாவுக்குத் தெரியவா போகுது, கீரை கீரைதானே" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பேசாமல் மாலில் இருக்கும் பெரிய சீன உணவகத்துக்கே போய்விடலாமா? இல்லை, இங்கேயே ஏதாவது வழி இருக்கிறதா?


ஈசூன் பழையவர்:

தங்கச்சி, மனசு ஒப்பவில்லை என்றீர்களே, அதிலேயே நில்லுங்கள். அந்தக் கடையில் கீரை வெறும் கீரை இல்லை. சம்பல் காங்கோங் என்றால் பிளாச்சான் என்ற இறால் விழுதும் உலர்ந்த இறாலும் இடித்துப் போட்ட சம்பல். கைலான் கீரைக்கு மேலே ஊற்றுவது சிப்பியில் செய்த சாஸ். வெறும் பூண்டு போட்டு வதக்கித் தரச் சொன்னாலும் கோழித்தூள் விழும். சில கடைகளில் வாசனைக்குப் பன்றிக் கொழுப்பு ஒரு கரண்டி விடுவார்கள். அது போக, முந்தின ஆளுக்குப் பன்றி வறுத்த அதே குவாலிச் சட்டியைத் தண்ணீர் ஊற்றி ஒரு சுழற்று சுழற்றிவிட்டு அடுத்ததைப் போடுவார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை, அந்தச் சமையலே அப்படி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் அம்மா. நான் சொங் பாங் கிராமத்தில் பிறந்தவன், அப்பாவுக்கு செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. எண்பதுகளில் ஈசூனில் வீடு கிடைத்து வந்தோம். அண்ணன் முதல் சம்பளம் வாங்கியதும் எங்களையெல்லாம் கீழே கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போனார். அன்று வெள்ளிக்கிழமை, அம்மா கவிச்சி தொடாத நாள். அண்ணன் ஒரு தட்டு பீஹூன் (அரிசி சேமியா) வாங்கி வைத்து, "காய் மட்டும்தாம்மா" என்றார். அவருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. அம்மா நாலு வாய் சாப்பிட்டிருப்பார். ஏதோ கறுக்கென்று பல்லில் அகப்பட்டது, பொரித்த கொழுப்புத் துண்டு. எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார், தண்ணீர் குடித்தார். அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருந்த காலம் வரைக்கும் எந்தக் கல்யாண வீட்டிலும் எந்தக் கடையிலும் கை நனைக்கவில்லை. அண்ணனுக்கு இப்போது 64 வயது, இன்னமும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். அதனால் அத்தையிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாலுக்கு ஏன் போகவேண்டும்? அங்கேயும் இதே சாஸ்தான். அதற்கு மேலே 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 9 விழுக்காடு பொருள் சேவை வரி. பட்டியலில் 100 வெள்ளி (டாலர்) என்று இருந்தால் கிட்டத்தட்ட 120 கட்டுவீர்கள். மாமா பார்க்க ஆசைப்படும் அந்தத் தீயும் அங்கே கதவுக்குப் பின்னால் இருக்கும்.

கோப்பிக்கடையில் ஒரு வசதி, மேசை பொது. அத்தைக்கு வேறு கடையில் வாங்கி அதே மேசையில் வைத்துச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். குடிப்பதற்கு மட்டும் அங்கே இருக்கும் பானக் கடையில் வாங்கிவிடுங்கள்.

மாமாவுக்கு முதலில் சீரியல் இறால் சொல்லுங்கள். வெண்ணெயில் கறிவேப்பிலையும் சில்லி பாடி என்ற சின்ன மிளகாயும் பொரிய அதில் சீரியல் என்ற தானியத் தூளைப் பிரட்டிப் போடுவார்கள். தட்டு வரும்போதே கறிவேப்பிலை வாசம் நம் வீட்டுத் தாளிப்பு மாதிரி இருக்கும். சீனச் சாப்பாட்டுக்குப் புதியவர்களை நான் அதிலிருந்துதான் தொடங்கிவைப்பேன். அடுத்து மீன் தலைக் கறி. அது நம் ஆள் கொடுத்தது. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் 1949இல் இங்கே சமைத்து விற்க ஆரம்பித்தார், சீனர்கள் அதை எடுத்துத் தங்கள் வாய்க்கு மாற்றிக்கொண்டார்கள். தலையைத் தனியாக ஆவியில் வேகவைத்துக் குழம்பை மேலே விடுவார்கள். உறைப்பு குறைவு, தேங்காய்ப்பால் தூக்கல், உள்ளே கத்தரிக்காய், வெண்டைக்காய், தௌ போக் என்ற பொரித்த தௌஃபு எல்லாம் கிடக்கும். மன்னார்குடிக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

அந்த அடுப்பைப் பற்றி. கேஸ் தீயை விசிறி வைத்து ஊதிவிடுவதால்தான் அந்தச் சீற்றம். ஹோர் ஃபன் என்ற அகல அரிசி நூடுல்ஸை முதலில் கறுப்பு சோயாவோடு வெறும் சட்டியில் ஓரம் கருகக் கருகப் பிரட்டி, பிறகுதான் குழம்பு ஊற்றுவார்கள். அந்தக் கருகல் மணத்துக்குக் கான்டனீஸில் ஒக் ஹே என்று பெயர், சட்டியின் மூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு அடுப்பில் எத்தனை முறை முயன்றாலும் வராது, நான் முயன்றிருக்கிறேன். மாட்டிறைச்சி ஹோர் ஃபன்னும் பட்டியலில் இருக்கும், மீன் போட்டது என்று விரல் வைத்துக் காட்டிச் சொல்லுங்கள்.

நண்டும் முழு மீனும் 'சந்தை விலை' என்று எழுதியிருந்தால் கிலோ எவ்வளவு, இது எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டுத்தான் தலையாட்டவேண்டும். கேட்காமல் வாங்கி ஒருமுறை ஒரு கடையில் நண்டுக்கு மட்டும் 140 வெள்ளி கட்டினேன். எடை போடுவதையும் நான் பார்க்கவில்லை.


தெம்பனிஸ் ரைடர்:

அக்கா, நான் சாப்பாடு டெலிவரி ஓட்டுறேன், நாங்க முஸ்லிம். மாமாவுக்குப் பன்றிதான் கவலைன்னா ஹலால் ஸீ சார் கடை தேடிப் பாருங்க. பேட்டைகள்ல இப்ப நிறைய வந்திருச்சு. அடுப்படிக்குள்ளயே பன்றி வராது, குவாலி கவலை இல்ல. சமைக்கிறவங்க பல இடத்துல சீன அங்கிள்தான், அதே தீ, அதே சீரியல் இறால்.

ஒண்ணு கவனிங்க. 'பன்றி இல்லை, கொழுப்பு இல்லை'ன்னு அட்டை மாட்டியிருந்தா அது ஹலால் ஆகிடாது. ஹுவா தியாவ்னு அரிசி ஒயின் ஊத்துவாங்க, கோழி எங்கேருந்து வந்துச்சுன்னும் தெரியாது. எங்களுக்கு முயிஸ்னு சொல்ற இஸ்லாமிய சமய மன்றத்தோட ஹலால் சான்றிதழ் கண்ணாடியில ஒட்டியிருக்கணும். உங்களுக்கு அந்த அட்டையே போதுமா இருக்கலாம், அது உங்க வீட்டு முடிவு. ஆனா ஹலால் கடையில மாட்டிறைச்சி சாதாரணமா இருக்கும். என் இந்து நண்பர் ஒருத்தர் ஹலால்னா எல்லாமே தனக்கு ஆகும்னு நினைச்சு மாட்டிறைச்சி ஹோர் ஃபன் ஆர்டர் பண்ணப் போய்ட்டாரு, நல்லவேளை நான் பக்கத்துல இருந்தேன்.


தோ பாயோ டீச்சர்:

அத்தைக்கு நான் வழி சொல்கிறேன். நான் முழு சைவம், இங்கேயே பிறந்து வளர்ந்தவள்.

கோப்பிக்கடையில் மஞ்சள் பலகையில் நம் ஸ்வஸ்திகா மாதிரி ஒரு சின்னம் போட்டு ஒரு சீன எழுத்து இருக்கும். அதைச் 'சு' என்று படிப்பார்கள், சைவம். பௌத்த சைவக் கடை. பழைய முறைப்படி நடத்தும் கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். என் மாமியார் ஏகாதசிக்கு மறுநாள் அங்கேதான் போவார். வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்தால் அத்தை பயந்துவிடுவார். வாத்து மாதிரி ஒன்று, மீன் மாதிரி ஒன்று, சிவப்பாகப் பன்றி மாதிரி ஒன்று. எல்லாம் சோயாவும் கோதுமைப் புரதமும் காளானும்தான். மனசுக்குப் பிடிக்காவிட்டால் அதையெல்லாம் விட்டுவிட்டு முட்டைக்கோஸ், நீளப் பயற்றங்காய், கத்தரிக்காய், தௌஃபு என்று விரல் காட்டிச் சோற்றுமேல் வாங்குங்கள்.

முட்டை சில சைவக் கடைகளில் உண்டு. "யோவ் தான் மா?" என்று கேளுங்கள், முட்டை இருக்கிறதா என்று அர்த்தம். ஸீ சார் கடையில் "பு யாவ் ஜு யோவ்" என்றால் பன்றிக் கொழுப்பு வேண்டாம். உச்சரிப்பு சுமாராக இருந்தாலும் புரிந்துகொள்வார்கள். வயதான அங்கிள் என்றால் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டாலே போதும், சீனாவிலிருந்து வந்த இளம் பிள்ளைகளிடம்தான் மாண்டரின் உதவும்.

நேரம் முக்கியம். சைவ பீஹூன் கடைகள் விடிகாலையிலேயே திறந்து பல இடங்களில் மத்தியானத்தோடு மூடிவிடுவார்கள். ஸீ சார் ஆரம்பிப்பதே சாயங்காலம். உங்கள் கீழ்க்கடை எத்தனை மணிவரை என்று முதல்நாளே போய்க் கேட்டுவையுங்கள். சீன மாதத்தின் முதல் நாளும் 15ஆம் நாளும், அதாவது ஏறக்குறைய நம் அமாவாசையும் பௌர்ணமியும், சீனர்களில் நிறையப்பேர் சைவம். அன்றைக்குக் கூட்டம் தாங்காது, சீக்கிரமே தீர்ந்துவிடும்.

ஒருநாள் நகரத்துக்கும் அழைத்துப் போங்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில், ஒட்டினாற்போல் குவான் இம் என்ற சீனப் பெண்தெய்வத்தின் கோயில். குவான் இம்மைக் கும்பிட வரும் சீனர்கள் அப்படியே கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஃபார்ச்சூன் சென்டர், உள்ளே சைவக் கடைகள் வரிசையாக இருக்கும்.


செங்காங் மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஈசூன் அண்ணே, உங்கள் அம்மா கதையை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, அப்புறம் அவராகவே போய் அத்தையிடம் சொல்லிவிட்டார். இன்னும் ஒன்று, மாமா கையால்தான் சாப்பிடுவார். அங்கே பார்ப்பார்களா?


ஈசூன் பழையவர்:

நான் 40 வருடமாகக் கையால்தான் சாப்பிடுகிறேன். கை கழுவ ஓரமாகத் தொட்டி இருக்கும், அதன் பக்கத்து மேசையாகப் பிடியுங்கள். ஆறு மணிக்கே போய்விடுங்கள், ஏழைத் தாண்டினால் காத்திருக்கவேண்டும். எல்லாம் ஒன்றாக வராது, சட்டி ஒழிய ஒழிய ஒவ்வொன்றாகத்தான் வரும். நம் ஆட்கள் இலை நிறையட்டும் என்று காத்திருந்து ஆறவிடுவார்கள், வந்ததும் சாப்பிடச் சொல்லுங்கள். சாப்பிட்ட தட்டுகளை மறக்காமல் திருப்பி வையுங்கள், 2022 ஜனவரியிலிருந்து கோப்பிக்கடைகளிலும் அது கட்டாயம்.


செங்காங் மருமகள்:

நேற்று போய்வந்தோம். புதன்கிழமை, ஆறு மணி.

எங்கள் கோப்பிக்கடையில் சைவக் கடை மூன்று மணிக்கே மூடுகிறது. அடுத்த புளோக்கில் ஒன்று எட்டு மணிவரை இருந்தது, அங்கே வாங்கி எடுத்துவந்தோம். வெண்டைக்காய், தௌஃபு, முட்டைக்கோஸ், சோறு, 5 வெள்ளி 50 காசு. அத்தை ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பூண்டே இல்லாமல் இவ்வளவு ருசியா என்று இரண்டு தடவை கேட்டார்.

ஸீ சார் ஆன்ட்டியிடம் டீச்சர் சொன்ன மாதிரியே கேட்டேன். எண்ணெய் தாவர எண்ணெய்தான், ஆனால் பன்றியும் அதே குவாலிதான், வேண்டுமானால் நன்றாகக் கழுவிவிட்டுச் செய்கிறோம் என்று ஒளிக்காமல் சொன்னார். மாமாவிடம் அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம கடையிலயும் ஆம்லெட் போட்ட கல்லுலதான் பரோட்டா போட்டோம். கேட்டவங்களுக்குக் கல்லைத் தேய்ச்சுப் போட்டுக் குடுத்தோம். கேக்காதவங்களுக்குச் சொல்லல. இந்தம்மா சொல்றாங்களே" என்றார். கழுவிச் செய்யட்டும் என்றுவிட்டார்.

சீரியல் இறால் 24, மீன் தலைக் கறி 28, கோழி 12, சோறு மூன்று, ஆக 67 வெள்ளி. இறால் தட்டு காலி, அடியில் கிடந்த தூளையும் கறிவேப்பிலையோடு சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். மீன் தலைக்கு, "புளி பத்தல, ஆனா மீனு நல்ல மீனு" என்றார். கோழியின் இறால் விழுது வாசனை அவருக்கு ஆகவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவரைக் காணோம். போய்ப் பார்த்தால் கடைக்குப் பின்பக்கம் அடுப்புக்கு எதிரில் நிற்கிறார். சமையல்காரர் என் மாமா வயதுதான் இருப்பார். இவருக்குத் தமிழ் தவிர ஒன்றும் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. மாமா தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக் காட்டி, வலிக்குமா என்கிற மாதிரி கேட்கிறார். அவர் சட்டைக் கையை மேலே தள்ளி ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காட்டினார். மாமா தன் கையில் இருந்த பழைய தீத்தழும்பைக் காட்டினார். அதற்குள் அடுத்த ஆர்டர் வந்துவிட்டது.

டீச்சர், பௌர்ணமி அன்று அந்தச் சைவக் கடைக்குத் திரும்பப் போகவேண்டும் என்று அத்தை கேட்கிறார். எத்தனை மணிக்குள் போனால் கிடைக்கும்?


தோ பாயோ டீச்சர்:

பதினொரு மணிக்குள் போங்கள். சீன நாள்காட்டியில் 15 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள், நம் பௌர்ணமியோடு ஒருநாள் முன்பின் வரும்.