படகு மெஷின் விலைக்கா? (‘பொள்ளாச்சி வீடு’ குழு, டிசம்பர் 30)

பிரியா (சிங்கப்பூர்): மணி சித்தப்பா, ஓஎல்எக்ஸ்ல ஒரு ரோயிங் மெஷின், அதான் துடுப்புப் போடற மாதிரி உக்காந்து இழுக்கற உடற்பயிற்சி மெஷின், விலைக்கு வந்திருக்கு. ஃபோட்டோவுல பின்னாடி சுவத்துல நம்ம அப்பாரு படம் தொங்குது.

கார்த்தி (டொராண்டோ): ஐயோ

வித்யா: 😂 அப்பாரையும் சேத்தி எவ்வளவு?

மணி சித்தப்பா: சும்மா என்ன விலைக்குப் போகும்னு பாக்கப் போட்டது கண்ணு. யாரும் உக்கார்றதில்லை.

செல்வி சித்தி: துணி நல்லா காயுது அதுல

சாந்தி அத்தை: அம்மா கிரைண்டரும் இப்படித்தான் “சும்மா”னு போச்சு.

மணி சித்தப்பா: அக்கா காலங்காத்தால ஆரம்பிக்காத.

கார்த்தி: சித்தப்பா நாளன்னைக்கு ஜனவரி 1. மெஷின் கம்பெனியோட டீம் சேலஞ்ச், மாசம் முழுக்க எல்லாரும் ஓட்டற மீட்டரைச் சேத்திக் கணக்குப் போடறது. உங்களையும் சேத்தித்தான் எட்டுப் பேருன்னு சொல்லிட்டு இருக்கேன்

மணி சித்தப்பா: போன ஜனவரியும் எட்டுப் பேருதான். பத்தாந்தேதிக்கு மேல நீயும் உங்க மாமாவும் மட்டும்தான் இருந்தீங்க.

சுரேஷ்: 🙈

நடராஜ் மாமா: மணி, விக்கிறதுன்னா வித்துக்க, உன் சாமான். ஆனா விவரம் தெரிஞ்சு வாங்க வர்றவன் மொதல்ல டிராக் ஃபேக்டர் கேப்பான், அதான் காத்து சக்கரத்தை எவ்வளவு தடுக்குதுங்கற நம்பர். மானிட்டர்ல மோர் ஆப்ஷன்ஸ் போ, அதுல டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர். அழுத்திட்டு அஞ்சாறு இழுப்பு இழு, நம்பர் வரும். காத்தைக் கூட்டிக் கொறைக்கற பக்கவாட்டு லீவரைப் பத்துல வச்சா நல்ல மெஷின் 200கிட்டக் காட்டும். நூத்தம்பதையே தாண்டலைன்னா ஃபேன் கூண்டுக்குள்ள பஞ்சும் தூசியும் அடைச்சிருக்குனு அர்த்தம். காத்து உள்ள போக வழியில்லாம சக்கரம் சும்மா சுத்தும். ஓட்டை ஓட்டையா இருக்கற வெளிக்கூட்டோட திருகைக் கழட்டி வேக்யூம் கிளீனர் வச்சு உறிஞ்சிடு. துணி காயப்போடற மெஷின்ல நூல் இழை கண்டிப்பா இருக்கும். ரெண்டாவது, செயின். அம்பது மணி நேரம் ஓட்டினா ஒரு தடவை எண்ணெய். ஒரு டீஸ்பூன் போதும், காகிதத்துல தொட்டு முழு நீளத்துக்கும் தடவி மிச்சத்தைத் துடைச்செடுத்துடணும். த்ரீ-இன்-ஒன் எண்ணெய் விடு. டபிள்யூடி-40 அடிச்சிடாத, அது உள்ள இருக்கற எண்ணெய்ப் பசையையும் கழுவிட்டுப் போயிடும்.

செல்வி சித்தி: அண்ணா இவரு தேங்காயெண்ணெய் விட்டாரு

நடராஜ் மாமா: 🤦

மணி சித்தப்பா: ஒரு தடவைதான்

நடராஜ் மாமா: டிசம்பர்ல, கோயமுத்தூர்ல. 24 டிகிரிக்குக் கீழ போனா தேங்காயெண்ணெய் உறையும். விடியக்காலைல செயின் கட்டியா இருந்திருக்கும், அந்த “கர்ர்”ங்கற சத்தம் அதுதான். மொதல்ல வறண்ட துணி வச்சு எல்லாத்தையும் துடை.

சாந்தி அத்தை: மில்லுல இருந்து ரிட்டயர் ஆயும் மில்லு போகலை

திவ்யா: அத்தை வளைகாப்புக்கு வளையல் அளவு கேட்டிருந்தீங்களே, 2.4. பச்சையும் சிவப்பும். பொங்கல் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமைதான், மாத்தமில்லை

சாந்தி அத்தை: சரி கண்ணு. நெய் நானே காய்ச்சிட்டு வாறேன்.

பிரியா: சித்தப்பா நிஜமாவே ஏன் விட்டீங்க?

மணி சித்தப்பா: இடுப்பு வலி. ஜிம்முல அந்தப் பையன் லீவரைப் பத்துல வைங்க அங்கிள், அப்பத்தான் ஒர்க்-அவுட்டுன்னான். மூணு நாள் இழுத்தேன். நாலாம் நாள் குனிஞ்சு செருப்பு மாட்ட முடியலை.

கார்த்தி: பத்துல வச்சா கல்லு ஏத்துன பரிசல் மாதிரி சித்தப்பா. அசையவே அரை நாள். 4ல வைங்க. ஒலிம்பிக் ஆளுங்களே அதைச் சுத்தித்தான் வப்பாங்க

நடராஜ் மாமா: லீவர் நம்பரைப் பாக்காதீங்க, மெஷினுக்கு மெஷின் மாறும். டிராக் ஃபேக்டரைப் பாருங்க. பொம்பளைங்க 110ல இருந்து 120, ஆம்பளைங்க 120ல இருந்து 130. மணி, உனக்கு 115 போதும்.

மணி சித்தப்பா: அது என்ன எனக்கு மட்டும் கொறைச்சு

சாந்தி அத்தை: வயசைச் சொல்லட்டுமா குரூப்புல

செல்வி சித்தி: <வீடியோ> போன மாசம் எடுத்தது. எங்க தப்புன்னு பாருங்க அண்ணா

நடராஜ் மாமா: பாத்தேன். மூணு எடத்துல கோளாறு. ஒண்ணு, இழுக்க ஆரம்பிக்கறப்ப சீட்டு மொதல்ல பின்னாடி ஓடுது, கைப்பிடி அங்கயே நிக்குது. கால் தள்ளின பலம் செயினுக்குப் போகலை; காலெல்லாம் நீண்டப்பறம் இடுப்பைத் தூக்கித்தான் இழுக்கறாரு. வலி அங்கதான் பொறக்குது. சீட்டு நகர்ற அளவுக்குக் கைப்பிடியும் நகரணும். ரெண்டு, முன்னாடி வர்றப்ப கைக்கு முந்தி முட்டி மடங்குது. அதனால கைப்பிடி முட்டியைச் சுத்தி மேல ஏறி எறங்குது பாருங்க. இழுக்கறப்ப கால், முதுகு, கை. திரும்பறப்ப கை, முதுகு, கால். கை முட்டியைத் தாண்டினப்பறம்தான் முட்டி மடங்கணும். மூணு, கால் பட்டை பாதத்தோட நடுக்குழியில கெடக்கு. விரல் மொதலாகற அகலமான எடத்துக்கு மேல வரணும். குதிகால் வைக்கற பிளாஸ்டிக் தகட்டை ரெண்டு ஓட்டை கீழ எறக்கி மாட்டினா சரியாயிடும். அப்பறம் நிமிஷத்துக்கு 31 இழுப்பு போட்டிருக்காரு. நாய் தொரத்தற வேகம் எதுக்கு? 20 போதும். இழுக்க ஒரு பங்கு நேரம், திரும்ப ரெண்டு பங்கு. இப்ப வலி கால்ல எறங்குதா, மரத்துப் போகுதா? அப்படின்னா இதெல்லாம் விட்டுட்டு டாக்டரைப் பாக்கணும்.

மணி சித்தப்பா: இல்லை அதெல்லாம் இல்லை

வித்யா: சித்தப்பா வீடியோவுல பின்னாடி சித்தி சீரியல் பாத்துட்டு இருக்காங்க 😂

செல்வி சித்தி: அந்த எபிசோடு முக்கியம்

பிரியா: செல்வி சித்தி நீங்களும் சேருங்க. ஒரே மெஷின், ரெண்டு பேரு

செல்வி சித்தி: நைட்டியோடயா

பிரியா: வேண்டவே வேண்டாம். நைட்டி, துப்பட்டா, நீளமான டீ-ஷர்ட் எல்லாம் சீட்டுக்கு அடியில ரோலர்ல சிக்கும். டிராக் பேண்ட், இடுப்பு வரைக்கும் டாப்ஸ். மோதிரத்தையும் கழட்டிடுங்க, கைப்பிடிக்கும் விரலுக்கும் நடுவுல கொப்புளம் வரும். இறுக்கிப் பிடிக்காதீங்க, விரலைக் கொக்கி மாதிரி மாட்டினா போதும்

சுரேஷ்: ஒரு சந்தேகம். எங்க வீட்டுல இருக்கறது அதே கம்பெனி சைக்கிள். மீட்டர் கணக்குல சேருமா?

கார்த்தி: சேரும் மச்சான். பாதி

சுரேஷ்: என்னது பாதி

கார்த்தி: சைக்கிள்ல 1,000 மீட்டர் போனா சேலஞ்சுல 500. சைக்கிள்ல மீட்டர் சுலபமா ஓடும்ல, அதான்

சுரேஷ்: மாப்பிள்ளைன்னா எப்பவும் பாதிதான் இந்த வீட்டுல

சாந்தி அத்தை: 😄😄

நடராஜ் மாமா: மாப்பிள்ளை, ஸ்பிலிட்னு ஒண்ணு இருக்கு, 500 மீட்டருக்கு எத்தனை நிமிஷம்னு. அதைத்தான் கவனிக்கணும். 3:00னா 60 வாட், 2:30னா 104, 2:00னா 203. அரை நிமிஷம் கொறைக்க ஏறக்குறைய ரெட்டிப்புப் பலம் வேணும். அதனால புதுசா வர்றவங்க வித்யாவோட 2:10ஐப் பாத்துத் தொரத்தினா அஞ்சு நிமிஷத்துல நுரை தள்ளிடும். ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காம பேச முடியற வேகம் எதுவோ அதுதான் உங்க வேகம். இந்த மானிட்டர்ல ஒரு நல்ல விஷயம், ஒவ்வொரு இழுப்புக்கும் சக்கரம் எப்படி வேகம் கொறையுதுனு தானே அளந்து கணக்குப் போடும். அதனால டொராண்டோ மீட்டரும் கோயமுத்தூர் மீட்டரும் ஒண்ணுதான். 1981ல அமெரிக்காவுல வெர்மான்ட்ல இந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச அண்ணன் தம்பி மொத மாடலைச் சைக்கிள் சக்கரத்தை வச்சுத்தான்

சாந்தி அத்தை: போதும்ங்க

கார்த்தி: மாமா இந்த மெஷின்ல 2,000 மீட்டர் உலக ரெக்கார்டு எவ்வளவு?

நடராஜ் மாமா: ஆம்பளைங்க 5:35.8, ஆஸ்திரேலியாக்காரன், 2018. பொம்பளைங்க 6:21.1, அமெரிக்கா, 2021.

மணி சித்தப்பா: எனக்கு 11 நிமிஷம்

கார்த்தி: சித்தப்பா 11 நிமிஷம்னா 2:45 ஸ்பிலிட். அதுதான் நம்ம டீமுக்கு வேணும்! எட்டுப் பேரு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000. 31 நாளைக்கு 496 கிலோமீட்டர். கோயமுத்தூர்ல இருந்து மெட்ராஸே போயிடலாம்

வித்யா: மெட்ராஸ் போட் கிளப்ல போயி எறங்கலாம். 1867ல ஆரம்பிச்சது, நமக்காகக் காத்துட்டு இருக்காங்க

பிரியா: ஆனா தினமும் 2,000னு கட்டாயம் வைக்காதீங்க. ஒரு நாள் போனதும் “நாளைக்கு 4,000”, ரெண்டு நாள் போனதும் “6,000”னு கடன் ஏறும். போன தடவை பாதிப் பேரு அப்படித்தான் போனாங்க. விட்டுப்போன மீட்டரை யாரும் ஈடுகட்டக் கூடாது. 10 நிமிஷம் உக்காந்தா அந்த நாளுக்கு ஒரு டிக். அவ்வளவுதான்

வித்யா: அப்ப மீட்டர் பட்டியல் இல்லையா? எனக்கு அது வேணும்

பிரியா: மேல நீயும் கார்த்தியும் மட்டும் இருப்பீங்க. கீழ இருக்கறவங்க அதைப் பாத்துட்டு குரூப்பை மியூட் பண்ணுவாங்க

வித்யா: சின்ன வயசுலயே ரன்னிங் ரேஸ்ல தோத்தா கோடு சரியில்லைம்ப

பிரியா: கோடு நெஜமாவே கோணல்

கார்த்தி: ரெண்டும் போடலாம். டிக் பட்டியல் குரூப்புல. மீட்டர் பட்டியல் கம்பெனியோட ஆன்லைன் லாக்புக்லயே டீம் பக்கத்துல தெரியும், வேணுங்கறவங்க போயிப் பாத்துக்கலாம்

நடராஜ் மாமா: அதோட இன்னொண்ணு. ஆள் வரலைன்னா “ஏன் வரலை”னு கேக்காதீங்க. கேட்டா மூணு நாளைக்கு குரூப்பையே தொறக்க மாட்டான். “நாளைக்கு எத்தனை மணிக்கு உக்கார்றே”னு கேளுங்க, நேரத்தைச் சொன்னவன் வந்துடுவான். முடிச்சவங்க மானிட்டர் திரையைப் படம் எடுத்துப் போடுங்க, 3:10 ஸ்பிலிட்டா இருந்தாலும். மெல்லப் போனவங்க படம் வந்தாத்தான் மத்த மெல்லப் போறவங்களுக்குத் தைரியம் வரும். மொத வாரம் மணிக்கும் செல்விக்கும் 3 நிமிஷம் ஓட்டு, 1 நிமிஷம் ஓய்வு, இப்படி நாலு தடவை. ரெண்டாம் வாரம் 4 நிமிஷம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். நடுவுல நடந்துட்டு வந்தாலே போதும். மூணாம் வாரந்தான் தொடர்ந்து 15 நிமிஷம்.

மணி சித்தப்பா: டிக்கு கொறையுமே

நடராஜ் மாமா: நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு நாள். வீட்டுக்கு ஒரு டிக்.

செல்வி சித்தி: அப்ப இவரு நாளும் என் தலையிலதான்

பிரியா: வீடியோ கால் நேரம் பேசிடலாமா? ஒண்ணா உக்காந்தாத்தான் தள்ளிப்போடாம நடக்குது. கோயமுத்தூர் காலைல 6:00னா இங்க 8:30, கார்த்திக்கு முந்தின நாள் ராத்திரி 7:30

கார்த்தி: எனக்கு ஓகே. ஒரு சிக்கல். 1ந்தேதி காலைல நீங்க ஆரம்பிக்கறப்ப எனக்கு டிசம்பர் 31. அந்த மீட்டர் சேலஞ்சுல சேராது. நான் அன்னைக்குச் சும்மா கூட வாறேன், என் கணக்கு அடுத்த கால்ல இருந்து

சுரேஷ்: கடைசில?

கார்த்தி: உங்களுக்கு பிப்ரவரி 1 விடிஞ்சிருக்கும், எனக்கு 31 ராத்திரிதான். நான் சேத்திக்குவேன் 😎

வித்யா: பொறாமையா இருக்கு

திவ்யா: காலைல 6க்கு தட்தட்னு சத்தம் வந்தா கீழ் வீட்டுல எழுந்து வருவாங்களே? எங்க அப்பார்ட்மெண்ட்ல வந்தாங்க

நடராஜ் மாமா: காத்துச் சத்தம் கீழ போகாது. கீழ போறது ரெண்டு: சீட்டு முன்னாடி வந்து இடிக்கறது, கைப்பிடியைப் “டக்”னு விடறது. இடிச்சா திரும்பறப்ப அவசரம்னு அர்த்தம், வேகத்தைக் கொறை. அடியில ரப்பர் பாய் போடு. சீட்டு ஓடற தண்டவாளத்தை தினமும் ஈரத்துணியில துடைங்க. கருப்பா ஒட்டற அழுக்குதான் சீட்டை லொடலொடங்க வைக்கும். மணி, மானிட்டர்ல பேட்டரி இருக்கா? தடிமனான டி சைஸ், ரெண்டு. ஓட்டாம வச்சிருந்தா கசிஞ்சிருக்கும், தொறந்து பாரு.

மணி சித்தப்பா: <படம்>

மணி சித்தப்பா: பச்சையா என்னமோ பூத்திருக்கு

நடராஜ் மாமா: அதான் சொன்னேன். வெறுங்கையில தொடாத. கழட்டிட்டு, பட்ஸ்ல எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு தொட்டு அந்தத் தகட்டை மட்டும் துடை, அப்பறம் வறண்ட துணி. காஞ்சப்பறம் புதுசு போடு.

சாந்தி அத்தை: மணி விளம்பரத்தை எடுத்துட்டியா இல்லையா

மணி சித்தப்பா: ஒருத்தன் சாயங்காலம் பாக்க வாறேன்னிருக்கான்

பிரியா: சித்தப்பா!!

மணி சித்தப்பா: வந்து பாத்துட்டுப் போகட்டும். இந்தப் பேட்டரியைப் பாத்தா அவனே ஓடிருவான்.

கார்த்தி: டீம் பேரு என்ன வைக்கறது

சுரேஷ்: பாதிக்கணக்கு

வித்யா: ஆழியாறு அணி

சாந்தி அத்தை: அம்மா பேருல வைங்க

கார்த்தி: ஓட்டெடுப்பு போடறேன்

[இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

வித்யா: யாரு என்ன நீக்குனது

திவ்யா: வளைகாப்புக்கு வேனா பஸ்ஸா, எத்தனை பேருன்னு யாராவது சொல்லுங்க. டிரைவர் அண்ணன் நாளைக்குள்ள கேட்டிருக்காரு

செல்வி சித்தி: நாங்க ரெண்டு பேரு. இவரு இடுப்பு சரியா இருந்தா முன் சீட்டு வேண்டாம்

நடராஜ் மாமா: வேன்தான். அன்னைக்கு யாருக்கும் டிக் கெடையாதுனு சொல்லிடாதீங்க, போறதுக்கு முந்தி 10 நிமிஷம்

சாந்தி அத்தை: நீங்க மொதல்ல நெய்க்கு வெண்ணெய் வாங்கிட்டு வாங்க