எண்ணெய் வந்த பிறகு எங்கள் கரையில் நடந்த வகுப்புகள்

மாஹெபூரிலிருந்து:

2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் மொரீஷியஸில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள புவாண்ட் டெஸ்னிக்கு எதிரே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6ஆம் தேதி எண்ணெய் கசிய ஆரம்பித்தது. சுமார் 1,000 டன் கடலில் கலந்தது. அதற்கு முந்தைய பன்னிரண்டு நாளும் கப்பலைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எண்ணெய் வந்தால் என்ன செய்வது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லித்தர அப்போது யாரும் வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிறகு ஊரே கரைக்கு வந்தது. கரும்புச் சோகையைத் துணிப்பையில் திணித்து, காலி பிளாஸ்டிக் பாட்டில்களைச் சேர்த்துத் தைத்து மிதவைத் தடுப்புகள் செய்தோம். ஆனால் பலருக்கும் வெறுங்கைதான். என் சித்தி கையில் ஒட்டிய கறுப்பை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார். தோல் எரிந்து, இரண்டு நாள் சோறு பிசைய முடியவில்லை.

அடுத்த வாரம் ஒரு மண்டபத்தில் மாலை வகுப்பு வைத்தார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் எங்கள் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசினார். சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்பு போடுங்கள், பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள் என்றார். தலை சுற்றினால் வேலையை விட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் விலகிப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கரைக்கே வரக்கூடாது. எண்ணெய் குடித்த சோகையை வீட்டுக் குப்பையோடு சேர்க்கக்கூடாது.

அப்புறம் ஒரு பேசினில் ஈரச் சேற்றை நிரப்பி, மேலே கொஞ்சம் கறுப்பு எண்ணெயை ஊற்றிக் கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்ததும் அந்தக் குழிக்குள் எண்ணெய் இறங்கியது. "அலையாத்திக் காட்டுக்குள் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு காலும் இதைத்தான் செய்கிறது" என்றார். முந்தின நாள் வரை உதவி என்று நினைத்து முழங்கால் சேற்றில் நின்றவர்கள் நாங்கள். அலையாத்தி வேர் மூச்சு விடும் என்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

இதைவிடப் பெரிய உதவி நஷ்ட ஈட்டு வகுப்பு. சித்தி படகில் போகிறவர் இல்லை. தண்ணீர் வற்றும்போது பாறையில் நடந்து ஊரீத், அதாவது ஆக்டோபஸ் பிடிப்பவர். பேய்க்கணவாய் என்றால் தமிழ்நாட்டு உறவுகளுக்குப் புரியும். மீனவர் அட்டை கிடையாது. மீன்பிடிக்கத் தடை வந்ததும் வருமானம் நின்றது. ஒரு அலுவலகத்தில் ஆங்கிலப் படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வகுப்பில் அதை வரி வரியாகக் கிரியோலில் படித்துக் காட்டினார்கள். கப்பல் எரிபொருள் எண்ணெய் பற்றிய சர்வதேச உடன்படிக்கைப்படி, சேதம் நடந்த மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதையும் அங்கேதான் கேட்டோம்.

"வருமானத்துக்கு ஏதாவது எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்டதும் சித்தி தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் வீட்டுக்கு ஓடிப்போய் சமையலறைத் தமிழ்க் காலண்டரை எடுத்து வந்தேன். விற்ற கிலோவைத் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலில் குறிப்பது அவர் வழக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும் நாட்களில் எண்கள் பெரிதாக இருந்தன. "இதைப் பத்திரமாக வையுங்கள், இதுதான் உங்கள் கணக்கு" என்றார் சொல்லிக்கொடுத்த பெண்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

நான் அங்கே சோகைப் பை தைக்க வந்தவள். உங்கள் சித்தி மாதிரிப் பலரைப் பார்த்தேன், அவர்களிடம் கணக்கு கேட்கலாம் என்று அன்று தோன்றவில்லை. எங்கள் பக்கத்துக் கடலோர ஊரில் பெண்களுக்கு இப்படி ஒரு வகுப்பு வைக்கப் போகிறோம். எதில் ஆரம்பிக்கலாம்?

மாஹெபூரிலிருந்து:

சகோதரி, பேசின் சேற்றில் ஆரம்பியுங்கள், காகிதத்தை அப்புறம் எடுங்கள். எல்லோரையும் விரல் வைத்து அழுத்தச் சொல்லுங்கள், கையுறை போட்டுத்தான். காலண்டரோ மளிகைக் கடைப் பற்று நோட்டோ, வீட்டில் எது இருந்தாலும் வரும்போதே எடுத்துவரச் சொல்லிவிடுங்கள்.