1 வாட் உலைக்கும் நிலநடுக்கச் சோதனையா? ஜப்பானியப் பல்கலைக்கழக அணு உலைகளின் உரிமம்

வேங்கைமரம் எழுதியது:

ஒசாகாவை ஒட்டிய ஹிகாஷி ஒசாகா நகரில், கிண்டாய் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு சிறிய அணு உலை இருக்கிறது. 1959-ல் டோக்கியோ வணிகக் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து காட்டிய உலை அது. பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கி 1961 நவம்பரில் இயக்கியது. அதன் திறன் 1 வாட். இரவு விளக்குக்குப் போடும் பழைய குண்டு பல்பு கூட அதைவிட அதிகம் இழுக்கும்.

இந்த உலையை 2014-ல் நிறுத்தினார்கள். 2017 ஏப்ரலில்தான் மறுபடி ஓடியது. புகுஷிமா விபத்துக்குப் பிறகு ஆய்வு உலைகளுக்கான புதிய விதிகள் 2013 டிசம்பரில் வந்தன. நிலநடுக்கம், சூறாவளி, தீ என்று ஒவ்வொன்றுக்கும் உலை தாங்குமா என்று எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் மாணவர்கள் தென்கொரியாவின் கியுங் ஹீ பல்கலைக்கழக உலைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 1 கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் ஏறத்தாழ 1 மெகாவாட் வெப்பம் ஒரு நாள் முழுக்கக் கிடைக்கும். 1 வாட்டில் இரவும் பகலும் ஓட்டினாலும் அந்த 1 கிராம் பிளந்து தீர 2,700 ஆண்டுகள் ஆகும். அப்படியென்றால் உள்ளே சேர்ந்திருக்கும் கதிரியக்கக் கழிவு எவ்வளவு இருக்கும்? கட்டடமே இடிந்து உலைமேல் விழுந்தாலும் வேலிக்கு வெளியே இருப்பவருக்கு என்ன ஆகும்? ஆபத்தின் அளவுக்கு ஏற்பத்தான் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் வாதம். இங்கே அது நடக்கவில்லை.

நிலமகள் எழுதியது:

வேங்கைமரம் அண்ணா, நான் ஒசாகாவில் கட்டமைப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். உங்கள் கணக்கில் குறையில்லை. ஆனால் விதிகளைப் பற்றிச் சொன்னதை ஏற்க மாட்டேன்.

எல்லா உலைக்கும் ஒரே அளவுகோல் வைக்கவில்லை. ஒரு பாகம் நிலநடுக்கத்தில் செயலிழந்தால் பொதுமக்களுக்கு 5 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு போகுமா? போகும் என்றால் அந்தப் பாகம் மிகக் கடுமையான எஸ் வகுப்பில் வரும். போகாது என்றால் கீழ் வகுப்பு. ஜப்பானில் இயற்கையாகவே ஒருவர் ஆண்டுக்கு வாங்கும் அளவு சுமார் 2.1 மில்லிசீவர்ட். அதோடு ஒப்பிட்டால் இந்த 5 எங்கே நிற்கிறது என்று புரியும். கிண்டாய் உலை அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வராது என்பதை யாராவது கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும் அல்லவா? உரிமம் வழங்கும் அமைப்பு கேட்டது அதைத்தான்.

அந்த வளாகம் இருக்கும் இடத்தையும் பாருங்கள். மேற்கே உயெமாச்சி நிலப்பிளவு, சுமார் 42 கிலோமீட்டர் நீளம், ஒசாகா நகரத்தின் அடியிலேயே ஓடுகிறது. கிழக்கே மலையடிவாரத்தில் இகோமா நிலப்பிளவு. இரண்டுக்கும் நடுவில் பல்கலைக்கழகம். அந்த மண்ணில் பள்ளிக்கூடம் கட்டினாலே நாங்கள் இரண்டு முறை யோசிப்போம்.

1 வாட் உலையை வைத்து வாதிடுவது உங்களுக்கு எளிது. ஒசாகா மாகாணத்தின் தெற்கில் உள்ள குமடோரிக்கு வாருங்கள். அங்கே கியோட்டோ பல்கலைக்கழகத்தின் உலை 5 மெகாவாட். 1964-லிருந்து இருக்கிறது.

வேங்கைமரம் எழுதியது:

> குமடோரிக்கு வாருங்கள்.

வருகிறேன், அம்மா. 5 மெகாவாட் என்பது புகுஷிமாவின் 2-ஆம் உலையின் வெப்பத் திறனில் (2,381 மெகாவாட்) ஏறக்குறைய 475-ல் ஒரு பங்கு. புகுஷிமாவில் உலையை உருக வைத்தது நிலம் ஆடியது மட்டும் இல்லை. உலை நின்ற பிறகும் எரிகோல்களில் (எரிபொருள் அடைத்த கோல்களில்) வந்துகொண்டே இருந்த சிதைவு வெப்பத்தை எடுத்துப்போக மின்சாரம் இல்லாமல் போனதுதான். முழுத் திறனில் ஓடிய உலையை நிறுத்திய கணத்தில் அந்த வெப்பம் சுமார் 6 சதவீதம். ஒரு நாள் கழித்து அரை சதவீதம் அளவில் இருக்கும். 5 மெகாவாட்டுக்கு அரை சதவீதம் என்றால் 25 கிலோவாட். சுற்றிலும் தண்ணீர் நிற்கும் தொட்டியில் அந்த வெப்பம் பம்பு இல்லாமலே, நீரின் இயல்பான சுழற்சியிலேயே போய்விடும். அணுப்பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுக் கழிகளும் மின்சாரம் போனால் தம் எடையாலேயே உள்ளே விழும்.

நிலமகள் எழுதியது:

"சுற்றிலும் தண்ணீர் நிற்கும்" என்கிறீர்களே, அண்ணா, நான் கேட்பதே அதைத்தான். நிலம் ஆடிய பிறகும் அந்தத் தண்ணீர் நிற்குமா?

ஆய்வு உலையின் பலவீனம் மின் உலையின் பலவீனம் அல்ல. நியூட்ரான் கற்றையை வெளியே எடுக்கத் தொட்டிச் சுவரைத் துளைத்துக் குழாய்கள் போயிருக்கும். ஆய்வுக் கருவிகள் அவற்றின் வாயில் பொருத்தப்பட்டிருக்கும். கருவி ஒரு விதமாக ஆடும், தொட்டி வேறு விதமாக ஆடும். இணைப்பில் விரிசல் வந்தால் தண்ணீர் மட்டம் உலை மையத்துக்குக் கீழே இறங்க வாய்ப்பு உண்டு. மேலே கிரேன் வேறு இருக்கிறது. நிலநடுக்கக் கணக்கில் இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

வயதும் இருக்கிறது. கவாசாகியில் முசாஷி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 100 கிலோவாட் உலை ஒன்றை வைத்திருந்தது. 1989 டிசம்பரில் தொட்டியில் நீர் கசிந்தது. எந்த நிலநடுக்கமும் வரவில்லை, தொட்டி தானாகவே அரித்துப் போயிருந்தது. அதன் பிறகு அந்த உலை ஓடவே இல்லை. 2003-ல் கைவிடுவதாக முடிவெடுத்தார்கள். வரைபடத்தில் இருக்கும் சுவரின் தடிமனை வைத்துக் கணக்குப் போட்டால் போதாது. இன்றைக்கு மிச்சமிருக்கும் தடிமன் என்ன என்று அளந்துவிட்டுப் போட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கியோட்டோ பல்கலைக்கழகம் குமடோரி உலையை முதலில் கியோட்டோவுக்குத் தெற்கே உஜியில் வைக்கப் பார்த்தது. கீழே ஒசாகா மக்கள் குடிக்கும் ஆற்றுநீர் போகிறதே என்று எதிர்ப்பு வந்தது. அடுத்து தகாட்சுகியில் அபுயாமா மலை, பிறகு இன்னும் சில ஊர்கள். எல்லா இடத்திலும் மக்கள் வேண்டாம் என்றார்கள். கடைசியில்தான் குமடோரி. 2018 ஜூன் 18 காலையில் 6.1 அளவில் நிலநடுக்கம் வந்ததே, அது எங்கே தெரியுமா? தகாட்சுகி வட்டாரத்தில். பள்ளி நீச்சல்குளத்தின் மதில் சரிந்து ஒன்பது வயதுப் பெண் குழந்தை இறந்துபோனாள். அந்தக் காலத்தில் எதிர்த்த ஊர்க்காரர்கள் ஆற்றுத் தண்ணீரையும் தங்கள் ஊரையும் பற்றிக் கவலைப்பட்டார்கள், நிலநடுக்க அறிவியல் அவர்களிடம் இல்லை. ஆனாலும் அவர்களைக் கேட்காமல் இருந்திருந்தால் உலை தகாட்சுகியிலேயே வந்திருக்கலாம். உரிமம் கொடுக்கும்போது ஊர்க்காரர் பேச்சைக் காதில் வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

தாமரைக்கண்ணன் எழுதியது:

நிலமகள் சகோதரி சொன்ன கடைசி வரிக்கு அமெரிக்க உதாரணம் ஒன்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1960-லிருந்து ஆர்கனாட் என்ற சிறிய ஆய்வு உலை வகையில் ஒன்றை வைத்திருந்தது, 100 கிலோவாட். கிண்டாய் உலையும் அந்த ஆர்கனாட் குடும்பத்தில் பிறந்ததுதான். 1980-ல் உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பித்தார்கள். அந்த வளாகத்திலேயே உருவான ஒரு குடிமக்கள் குழு, டேனியல் ஹிர்ஷ் என்பவர் முன்னின்று, ஆட்சேபம் தெரிவித்து வழக்கில் தரப்பாகச் சேர்ந்தது. வெடிகுண்டுத் தரத்துக்குச் செறிவூட்டிய யுரேனியம், உலைக்குள் இருக்கும் கிராபைட் தீப்பிடிக்கும் வாய்ப்பு, புகைபோக்கி வழியே போகும் ஆர்கான் வாயு ஆகியவற்றோடு, நிலநடுக்கத்தில் உலை மையம் நசுங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் இருந்தது. 1971-ல் சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தை அந்த நகரம் பார்த்திருந்தது.

நான்கு ஆண்டு நடந்த விசாரணை முடிவதற்குள், 1984-ல், பல்கலைக்கழகம் தானே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று உலையை மூடியது. பத்து ஆண்டு கழித்து, 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம், 6.7 அளவு. அதே வளாகத்தின் அடையாளமான ராய்ஸ் ஹால் விரிசல் விட்டு, 1998 வரை மூடிக் கிடந்தது. அன்று உலை ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

சட்டத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் 1954 அணுசக்திச் சட்டம், ஆய்வு உலைகளுக்கு மிகக் குறைந்த அளவு கட்டுப்பாடே விதிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. ஆராய்ச்சி தடைபடக் கூடாதாம். நகரத்தின் நடுவில் பல்லாயிரம் மாணவர்கள் படிக்கும் இடத்தில் வைக்கும் உலைக்குக் குறைந்த கட்டுப்பாடு! ஜப்பானில் அணு மின் நிலையங்களாவது ஊரைவிட்டுத் தள்ளி, கடற்கரையில் இருக்கும்.

வேங்கைமரம் எழுதியது:

தாமரைக்கண்ணன் ஐயா, ராய்ஸ் ஹால் 1929-ல் கட்டிமுடித்த செங்கல் கட்டடம். அதன் விரிசலை வைத்து, கான்கிரீட் கவசத்துக்குள் இருந்த உலைக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயம் இல்லை. அந்த வழக்கு நடந்தபோதே, 1981-ல், அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்துக்காக ஆர்கனாட் உலைகளில் நடக்கக்கூடிய விபத்துகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வந்தது. மையம் குலைந்து சிதறுவது, கிராபைட் தீ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். வெளியே கதிரியக்கம் போக உண்மையான வாய்ப்பு இருப்பது எரிகோலைக் கையாளும்போது நடக்கும் விபத்தில்தான் என்று முடித்தார்கள்.

தாமரைக்கண்ணன் எழுதியது:

அறிக்கையை எழுதியவர்கள் சொல்வது ஒரு பக்கம். அதைக் குறுக்கு விசாரணை செய்ய ஊர்க்காரருக்கு வாய்ப்புக் கொடுத்தார்களே, உரிமம் என்பதன் பெருமை அதில் இருக்கிறது. பல்கலைக்கழகம் விலகியதால் தீர்ப்பு வராமலே போனது. தீர்ப்பு வந்திருந்தால் இன்று நாம் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கருவூரான் எழுதியது:

நான் கதிரியக்கச் சிகிச்சைத் துறையில் இருப்பவன். ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. குமடோரி உலையின் நியூட்ரான் கற்றையில்தான் போரான் மருந்தைக் கொடுத்துப் புற்றுநோய்க் கட்டியை மட்டும் அழிக்கும் சிகிச்சையை வளர்த்தெடுத்தார்கள். 500-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அங்கே செய்திருக்கிறார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் அணு உலையே தேவைப்படாத, துகள்களை முடுக்கிவிடும் சைக்ளோட்ரான் கருவி வந்தது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு 2020-ல் ஜப்பான் அதை அங்கீகரித்தது. உலை 2014-லிருந்து 2017 ஆகஸ்ட் வரை நின்றதில் காத்திருந்த நோயாளிகளும் இருந்தார்கள். பாதுகாப்புக் கணக்கில் அவர்களும் வர வேண்டும்.

நிலமகள் எழுதியது:

கருவூரான் ஐயா, அதை மறுக்க எனக்கு மனம் வராது. காத்திருந்தவர்களுக்கு நேர்ந்தது இழப்புதான். அதனால்தான் சோதனையை நிறுத்தச் சொல்லவில்லை, விரைவாக முடிக்க ஆள் போடுங்கள் என்கிறேன். மின் நிறுவனத்திடம் நிலநடுக்கக் கணக்குப் போட ஒரு பெரிய துறையே இருக்கும். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் நாலைந்து பேராசிரியர்கள்தான் அந்த ஆவணங்களையும் எழுத வேண்டியிருக்கும். அரசு அவர்களுக்குப் பொறியாளர்களைக் கொடுக்கலாமே?

வேங்கைமரம் எழுதியது:

இந்த இடத்தில் நீங்களும் நானும் ஒரே பக்கம் நிற்கிறோம். கற்றைக் குழாயைச் சோதியுங்கள், தொட்டிச் சுவரின் தடிமனை அளந்து பாருங்கள், நான் தடுக்கவில்லை. என் பயம் வேறு. யோகோசுகாவில் ரிக்கியோ பல்கலைக்கழக உலை 2001-ல் நின்றது. முசாஷி போனது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யாயோய் 2011-ல் முடிந்தது. புகுஷிமாவில் உருகிய எரிபொருளை வெளியே எடுக்கும் வேலை இன்னும் பல பத்தாண்டுகள் நடக்கும். அதைச் செய்ய வேண்டிய பொறியாளர்கள் ஓர் உலை எப்படி உயிர்பெறுகிறது, கழியை இறக்கினால் எப்படி அடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே வளர்ந்தால், அதுவும் பாதுகாப்புக் குறைவுதான். நிலநடுக்க நாட்டுக்கு அது இன்னும் பெரிய குறைவு.

தாமரைக்கண்ணன் எழுதியது:

அணு உலையைக் கண்ணால் பார்த்தவர்களைப் பற்றிப் பேசுவதென்றால் குமடோரியின் ஆறு பேரையும் சொல்லுங்கள், வேங்கைமரம். கொய்தே ஹிரோவாகி, இமானாகா டெட்சுஜி உள்ளிட்ட ஆறு ஆய்வாளர்கள். கியோட்டோ பல்கலைக்கழக உலை நிலையத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு, அணு மின்சாரத்தின் ஆபத்தைப் பொதுமக்களிடம் சொன்னவர்கள். ஷிகோகு தீவில் இகாட்டா அணு மின் நிலையத்தை எதிர்த்து மக்கள் 1973-ல் வழக்குப் போட்டபோது துணைக்கு நின்றவர்கள். இகாட்டாவுக்கு அருகே கடலடியில் ஓடும் மத்திய நிலப்பிளவு பற்றி அந்த வழக்கிலேயே பேசினார்கள். அதே நிலப்பிளவின் கிழக்குத் தொடர்ச்சி குமடோரிக்குத் தெற்கே, மலைக்கு அந்தப் பக்கம் போகிறது. கொய்தே 2015-ல் ஓய்வு பெறும்வரை பதவி உயர்வு இல்லாமல் உதவிப் பேராசிரியர் நிலையிலேயே இருந்தார்.

உலை ஆட்களை உருவாக்குகிறது, சரி. கேள்வி கேட்கும் ஆட்களையும் உருவாக்கியது. அவர்களை உரிம விசாரணையில் உட்கார வைத்தால் உங்கள் மூன்று ஆண்டு தாமதத்துக்கு நான் வருத்தப்பட மாட்டேன்.

வேங்கைமரம் எழுதியது:

உட்கார வைக்கட்டும். அவர்களுக்கு உலை தெரியும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 1 வாட்டுக்கு மூன்று ஆண்டு என்பதை மட்டும் நான் கடைசிவரை ஏற்க மாட்டேன். வரம்புக்குள் வருகிறது என்று முதல் கணக்கிலேயே தெரிந்தால் அங்கேயே முடித்துவிட வேண்டும்.

நிலமகள் எழுதியது:

அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை, அண்ணா. குமடோரிக்கு மட்டும் ஒன்று கேட்கிறேன். 2026 மே மாதத்தோடு உலையை நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் 2022-லேயே அறிவித்தது. பயன்படுத்திய எரிபொருளை அமெரிக்கா திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குக் கெடு இருக்கிறது. அனுப்புவதற்கான கடைசி எல்லை 2029. உலை நின்றாலும் கடைசி எரிகோல் கப்பலேறும்வரை அது நீரில்தான் கிடக்கும். தெற்குக் கடலடியில் நான்காய் பள்ளத்தின் பெரிய நிலநடுக்கம் அதுவரை பொறுத்திருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஆகவே உலை நின்றவுடன் நிலநடுக்க ஆய்வுக் குழுவைக் கலைத்துவிடக் கூடாது. எரிகோல் இருக்கும் தொட்டிக்கு ஆண்டுதோறும் சுவர்த் தடிமன் அளவீடு, அதன் முடிவு குமடோரி நகராட்சி அலுவலகத்தில் ஊர்மக்கள் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். உரிமத்தில் இந்த நிபந்தனையைச் சேர்க்க நீங்கள் சம்மதிப்பீர்களா?

வேங்கைமரம் எழுதியது:

சம்மதம். அளவெடுக்கும் வேலையை அங்கே படிக்கும் மாணவர்களுக்குக் கொடுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.